கர்பா முடிந்த பிறகு என்ன சாப்பிடுவது? அகமதாபாத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நவராத்திரி நெருங்கும்போது, அகமதாபாத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் கர்பா என்ற வட்ட ஆட்டத்தைப் பற்றித்தான். இரண்டு கைதட்டு ஆட்டம் எப்படி, மூன்று கைதட்டு எப்படி, சனியா சோளி என்ற பாவாடை ரவிக்கை உடை வாடகைக்கு எங்கே கிடைக்கும், எந்த மைதானத்துக்குப் பாஸ் வாங்கலாம். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் நின்றதும் ஊரே ஒரே பக்கமாகத் திரும்பிச் சாப்பிடத்தான் போகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். முதல் வருடம் நானும் அப்படித்தான் நின்றேன்.

அன்று மதியம் சாப்பிட்டதோடு சரி. மூன்று மணிநேரம் விடாமல் ஆடிவிட்டு, பசி காதை அடைக்க, நேராகப் போய் வெண்ணெய் மிதக்கும் பாவ் பாஜி ஒரு தட்டு சாப்பிட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பென் (அக்கா என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள்) என்னை நடைபாதையில் உட்காரவைத்து, எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பாஜியில் ஒரு குற்றமும் இல்லை, நான் சாப்பிட்ட வரிசைதான் தவறு. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆடப்போவதற்கு முன்

ஆட்டத்துக்குப் பிறகான சாப்பாடு மாலை ஆறரை மணிக்கே தொடங்குகிறது. அக்டோபரில் இந்த ஊருக்கு இரண்டாம் கோடை; பகலில் 35 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும், இரவிலும் மைதானத்தில் காற்று அசையாது. கர்பா ஒன்பது மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் பாதி வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு சப்பாத்தி, அல்லது தயிர்சாதம், அல்லது ஒரு வாழைப்பழமும் கைப்பிடி வேர்க்கடலையும் போதும்.

மணிநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அங்கே நம் குடும்பங்கள் நிறைய. கொலு வைத்திருக்கும் வீடுகளில் மாலையிலேயே சுண்டல் கிடைத்துவிடும். ஆடுவதற்கு முன் சாப்பிட அதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியாது. ஒரே எச்சரிக்கை: கொண்டைக்கடலைச் சுண்டலை நிறையச் சாப்பிட்டுவிட்டு வட்டத்தில் சுற்றினால் வயிறு உப்பும். அன்று பாசிப்பயறு என்றால் கவலையில்லாமல் சாப்பிடலாம்.

நடுவில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு பாட்டுத் தொகுப்பு முடிந்து தாளம் மாறும் இடைவெளியில் வட்டத்தைவிட்டு வெளியே வந்து நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வெறும் தண்ணீரைவிட உப்புச்சர்க்கரைத் தண்ணீர் மேல். ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, வேண்டுமானால் எலுமிச்சை.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விரதத்தையும் ஆட்டத்தையும் சேர்த்து வைக்கும்முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள், பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். ஆடும்போது நெஞ்சில் பாரமோ இடதுகையில் வலியோ தெரிந்தால் பசிமயக்கம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108.

ஆட்டம் நின்றதும் அரைமணி நேரம்

ஆரத்தி சில இடங்களில் ஆட்டத்துக்கு முன்பே நடந்துவிடும், சில இடங்களில் கடைசியில். எப்போது நடந்தாலும் அதை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடாதீர்கள். நடுவில் இருப்பது அம்பாஜி என்ற அம்மன். துளையிட்ட மண்பானைக்குள் விளக்கு வைத்திருப்பார்களே, அந்த கர்போவைச் சுற்றித்தான் இவ்வளவு நேரம் ஆடினீர்கள். வலதுகையை நீட்டிப் பிரசாதத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிடுங்கள். பெரும்பாலும் தேங்காய்ச் சில்லு, கற்கண்டு, பேடா. ஆடிக் களைத்த உடம்புக்கு அந்த ஒரு துண்டு இனிப்பே முதல் சாப்பாடு.

அப்புறம் பதினைந்து இருபது நிமிடம் எதுவும் கனமாக வேண்டாம். மெல்ல நடங்கள், செருப்பைத் தேடி எடுங்கள், காலைக் கழுவுங்கள். பலர் வெறுங்காலோடு ஆடுவதால் பாதத்தில் கொப்புளம் இருக்கும்; அதைப் பார்த்து ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். வாசலிலேயே மோர் விற்பார்கள். இங்கே அதற்கு சாஸ் என்று பெயர். வறுத்த சீரகமும் கறுப்பு உப்பும் போட்ட சாஸ் ஒரு தம்ளர் குடித்தால் உடம்பு தன் நிலைக்கு வரும். ஜீரா சோடா வேண்டும் என்பவர்கள் குடிக்கலாம், ஆனால் சில்லென்று ஒரே மூச்சில் வேண்டாம்.

இந்த நேரத்தில் உடையையும் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடி பதித்த சனியாவின் சுற்றளவு பல மீட்டர் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் தரையெல்லாம் பரவி அடுத்தவர் காலில் மிதிபடும். உட்காரும்முன் ஓரத்தைச் சுருட்டி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். வலதுகை வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வையுங்கள். வாடகை உடையில் வெண்ணெய்க் கறை பட்டால் முன்பணம் திரும்பாது.

எங்கே போவது

அது நீங்கள் எங்கே ஆடினீர்கள் என்பதைப் பொறுத்தது. குடியிருப்புக்குள்ளோ பழைய நகரத்துப் போள் சந்துக்குள்ளோ நடக்கும் ஷேரி கர்பா என்றால் எங்கும் போக வேண்டாம். ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு வீட்டார் பொறுப்பெடுத்து எல்லோருக்கும் நாஸ்தா கொடுப்பார்கள். ஒருநாள் பேல், ஒருநாள் சேவ் கமணி, ஒருநாள் தாபேலி, ஒருநாள் ஐஸ்கிரீம். புதிதாகக் குடிவந்தவர்கள் கூச்சப்பட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். போகாதீர்கள். காகிதத்தட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே படிக்கட்டில் உட்காருங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை நான் அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்துகொண்டேன். ஆறேழு வருடம் கழித்து மருத்துவமனையில் எனக்குத் துணைக்கு இருந்தவர்களும் அவர்கள்தான். இரண்டாம் வருடமே நாமும் ஒரு இரவு நாஸ்தாவை ஏற்றுக்கொள்வது முறை. நான் ஒருமுறை தேங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் செய்தேன். பெரிய அண்டா, ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

பார்ட்டி பிளாட் என்று சொல்லும் பெரிய மைதானங்களில் ஆடினால் கதை வேறு. அவை பெரும்பாலும் சாபர்மதிக்கு மேற்கே, புதிய நகரத்தில் இருக்கின்றன. மைதானத்துக்குள்ளேயே கடைகள் உண்டு, விலை அதிகம். லா கார்டன் பக்கம், எஸ்.ஜி. நெடுஞ்சாலை ஓரம் என்று மேற்கிலேயே இரவு முழுக்கச் சாப்பிடலாம். ஆனால் முதல்முறை வருகிறவர்களை நான் ஆற்றைக் கடந்து கிழக்கே, பழைய நகரத்தின் மாணெக் சௌக்குக்குத்தான் கூட்டிப்போவேன்.

மாணெக் சௌக்கில்

காலையில் காய்கறிச் சந்தை, பகலில் தங்க வெள்ளி வியாபாரம், இரவில் சாப்பாடு. ஒரே சதுக்கம் ஒரே நாளில் மூன்று வேலை செய்கிறது. நகரத்தை அமைத்த அகமது ஷாவின் சமாதி ஒரு பக்கம், ராணிகளின் சமாதி இன்னொரு பக்கம். மாணெக்நாத் என்ற சாதுவின் பெயர்தான் இடத்துக்கு. சுல்தான் பகலில் கட்டிய மதிலை, அவர் தான் நெய்த பாயை இரவில் பிரித்துப் பிரித்து விழவைத்தார் என்று இங்கே கதை சொல்வார்கள். 2017-இல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் கர்பாவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் ஒரே இரவில் கிடைப்பது இங்கேதான்.

வண்டியைச் சதுக்கத்துக்குள் கொண்டுபோக முடியாது. தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது ஆட்டோ பிடியுங்கள். நவராத்திரியில் மெட்ரோ நேரத்தை நீட்டிக்கும் வழக்கமும் உண்டு. அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நாலைந்து கடைப் பையன்கள் பட்டியல் அட்டையோடு சூழ்ந்துகொண்டு தங்கள் நாற்காலிக்கு இழுப்பார்கள். பதறாமல் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். எந்தக் கல்லில் கூட்டம் அதிகம், எங்கே தட்டு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். உட்காரும்முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்துக் கடையில் வாங்கியதை இங்கே வைத்துச் சாப்பிடலாமா?

இனி முக்கியமான பாடம். ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள். நாலு பேருக்கு ஒரு பாவ் பாஜி, ஒரு சாண்ட்விச், ஒரு தோசை, அப்புறம் குல்ஃபி. இங்கே எல்லாமே வெண்ணெயில் குளித்து வரும். பகிர்ந்து சாப்பிட்டால்தான் நாலையும் ருசிக்க முடியும், வயிறும் தாங்கும்.

பாவ் பாஜி போடுகிறவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு தவா. அதன் விளிம்பில் வேகவைத்த உருளையும் பட்டாணியும் மலைபோலக் குவிந்திருக்கும். அவர் அதில் ஒரு பங்கை நடுவுக்கு இழுத்து, தக்காளியையும் குடைமிளகாயையும் சேர்த்து, இரண்டு கையாலும் மசிப்பார். அந்த 'டக் டக்' சத்தம் சதுக்கம் முழுவதும் கேட்கும். பிறகு வெண்ணெய்க் கட்டியை வெட்டிப் போடுவார். அது உருகி ஓடும் வழியிலேயே பாவைப் பிளந்து கவிழ்ப்பார். வெண்ணெய் விழுவதற்குள் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: "பட்டர் ஓச்சு". வெண்ணெய் குறைவாக என்று பொருள். காரம் குறைய வேண்டுமானால் "தீக்கு ஓச்சு". அவர் பாதிதான் குறைப்பார், அதுவே போதும். அதே தவாவில் புலாவும் போடுவார்கள். சோறு இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு அதுவும் ஒரு தம்ளர் சாஸும் சரியான ஜோடி.

குக்ரா என்பது நம் சோமாஸுக்கு இங்குள்ள பெயர். ஆனால் குக்ரா சாண்ட்விச் என்றால் வெங்காயம், குடைமிளகாய், சட்னி, சீஸ் எல்லாம் அடைத்துச் சுட்ட ரொட்டி. சாக்லேட்டும் சீஸும் அன்னாசியும் வைத்த சாண்ட்விச்சும் உண்டு. கேட்கும்போது என்னவோபோல இருக்கும், மூன்று மணிநேரம் ஆடிய பிறகு அது உள்ளே போகும் விதமே வேறு.

தோசையைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டாலா தோசை என்று ஒன்று வரும். கல்லிலேயே மாவைப் பரப்பி, பனீர், சீஸ், தக்காளி, பாவ் பாஜி மசாலா எல்லாவற்றையும் அதன்மேல் கொட்டிப் பிசைந்து தருவார்கள். இது தோசையா என்று வாதாடாதீர்கள். அம்மா சுட்ட தோசை நினைவோடு வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். வேறொரு ஊரின் வேறொரு பலகாரம் என்று நினைத்துச் சாப்பிடுங்கள், பிடித்துவிடும். எனக்கு மூன்றாம் வருடம் பிடித்தது.

கடைசியில் குல்ஃபி. பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிச் செய்தது; துண்டு போட்டு இலையிலோ தட்டிலோ தருவார்கள். இரவு இரண்டு மணியிருக்கும். சுற்றிலும் பாட்டிகள், கைக்குழந்தைகள், கழுத்து நிறைய வெள்ளிநகை போட்ட கல்லூரிப் பெண்கள். 1960-இல் மாநிலம் உருவான நாளிலிருந்தே குஜராத்தில் மதுவிலக்கு. இரவு வெளியே வருகிறவர்கள் சாப்பிடத்தான் வருகிறார்கள். இத்தனை பெண்கள் இந்த நேரத்தில் தயக்கமில்லாமல் தெருவில் உட்கார்ந்து சிரிப்பதை நம் ஊரிலும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எனக்குத் தோன்றுகிறது.

கூட வருகிறவர் விரதம் என்றால்

இதைக் கேட்காமல் யாருக்கும் எதையும் ஊட்டப் போகாதீர்கள். ஒன்பது நாளும் தானியமும் பருப்பும் தொடாமல் ஆடுபவர்கள் உங்கள் வட்டத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். சிலர் வெறும் தண்ணீரோடு இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு ஃபராளி என்ற தனிச் சமையல் உண்டு: வேர்க்கடலைப்பொடி போட்ட ஜவ்வரிசிக் கிச்சடி, மொரையோ என்று சொல்லும் குதிரைவாலிச் சோறு, தண்டுக்கீரை விதையை அரைத்த ராஜ்கரா பூரி, சேனைக்கிழங்கு, உருளைக்கிழங்கு வறுவல். உப்புக்கூட இந்துப்புதான். பெரிய இடங்களில் ஃபராளி கடை ஒன்று தனியாக இருக்கும், அங்கே முதலில் போங்கள். விரதம் இல்லாவிட்டாலும் எனக்கு இந்த நேரத்துக்குப் பிடித்தது ஜவ்வரிசிக் கிச்சடிதான். வெண்ணெய் இல்லை, வயிற்றில் கல்லாக உட்காராது, காலையில் நெஞ்சு எரியாது.

ஜைன நண்பர்கள் வெங்காயம், பூண்டு, உருளை எதுவும் சாப்பிடமாட்டார்கள். அவர்களுக்கு உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்ட ஜைன பாவ் பாஜி உண்டு. "டுங்களி லசண் வகர்", அதாவது வெங்காயம் பூண்டு இல்லாமல், என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். சூரியன் மறைந்த பிறகு எதையும் சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களோடு வந்து வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள், பேச்சுக்காக. அவர்களையும் கூட்டிப்போங்கள். முட்டை, கறி சாப்பிடும் வீடுகளிலும் பலர் இந்த ஒன்பது நாளுக்கு அவற்றை விட்டுவிடுகிறார்கள். அதனால் ஆம்லெட் வண்டிக்குப் போகலாமா என்று கேட்பதைப் பத்தாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிட்லி என்று சொல்லும் டீக்கடை ஒன்று கண்ணில் படும். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் அரை டீ குடிக்கட்டும். "அடதி" என்றால் கொடுப்பார்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் டீயைத் தவிர்த்துவிட்டு, வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். மறுநாள் மதியம் மோர்ச்சோறு. ஒன்பது இரவும் இப்படியே சாப்பிட முடியாது. மாணெக் சௌக் இரண்டு முறை, மற்ற நாளெல்லாம் கிச்சடியோ நாஸ்தாவோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவும் அதற்குப் பிறகும்

நவமி இரவு ஆட்டம் முடிந்ததும் ஃபாஃப்டா ஜலேபி. இதற்கு மாற்றே கிடையாது. விடிந்தால் தசரா. ஒன்பது நாள் கடலைமாவைத் தொடாதவர்கள் அதோடுதான் விரதத்தை முடிப்பார்கள். கடைகளின் முன்னால் நள்ளிரவே பந்தல் போட்டு எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிடுவார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் தெரு முழுக்க வரிசை. ஆடிய உடையோடு அப்படியே போனால் அரைமணியில் வாங்கிவிடலாம்.

ஃபாஃப்டா போடும் கையைப் பார்க்காமல் வராதீர்கள். ஓமம் போட்ட கடலைமாவு உருண்டையை மரப்பலகையில் வைத்து, உள்ளங்கை அடிப்பக்கத்தால் ஒரே தள்ளு. முழநீளப் பட்டையாக நீண்டுவிடும். கத்தியைப் படுக்கவைத்து அதை அடியோடு வழித்து எடுத்து எண்ணெயில் விடுவார். உருண்டை வைப்பது, தள்ளுவது, வழிப்பது. கண் இமைப்பதற்குள் அடுத்தது. கூடவே சம்பாரோ என்ற பச்சைப் பப்பாளிப் பொரியலும் பொரித்த மிளகாயும் கடி என்ற மஞ்சள் குழம்பும் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரு கடி ஃபாஃப்டா, ஒரு கடி மிளகாய், உடனே சூடான ஜலேபி. பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவியில் நமுத்துவிடும். கட்டியே ஆக வேண்டுமென்றால் பையின் வாயைத் திறந்தே வையுங்கள்.

அதோடு முடிந்துவிட்டது என்று உடையைத் துவைத்து மடித்துவிடாதீர்கள். ஐந்து நாள் கழித்து சரத் பூர்ணிமா. அன்றும் மொட்டைமாடிகளில் கர்பா உண்டு, சாப்பிடுவது தூத் பௌவா. செய்வது சுலபம். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, கழுவிய அவலை அதில் சேர்த்து, பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடி நிலா வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஆடப் போங்கள். பாலை முழுக்க ஆறவிடாமல் ஊற்றினால் அவல் குழைந்துவிடும். நள்ளிரவில் ஆடி முடித்து வந்து துணியை எடுக்கும்போது அது சில்லென்று இருக்கும். பக்கத்தில் சூடாக உருளைக்கிழங்கு வடை இருக்க வேண்டும். வடைக்கு மாவு கரைத்து வைப்பதை மட்டும் ஆடப் போகும்முன்பே யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.